கணக்கில் வராத பிடி

என் வயதுக்காரர்களே, முட்டிவலித் தைலமும் சர்க்கரை மாத்திரையுமாக வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருக்கிறவர்களே, உங்களுக்குத்தான் இதை எழுதுகிறேன். சின்னவர்களுக்குப் புரியாது என்று சொல்லவில்லை. அவர்களுக்கு நேரமில்லை, அவ்வளவுதான்.

போன மாதம் திருப்பதியில் ஒரு விளையாட்டுப் போட்டிக்கு என்னைப் பெரிய மனிதனாகக் கூப்பிட்டிருந்தார்கள். கை கால் சரியில்லாத பிள்ளைகளுக்கான போட்டி. பந்தலும் மதியச் சாப்பாடும் என் பொறுப்பு, அதனால் கூப்பிட்டார்கள். என் இடது காலும் ஒரு காரணம். போலியோ வந்து சூம்பிய கால். அதை வைத்துக்கொண்டு நான் முன்னுக்கு வந்ததை மேடையில் சொல்ல வேண்டுமாம். சொல்வதற்கு எனக்கென்ன கூச்சம்? ஐந்தாம் வகுப்பைத் தாண்டாதவன் நான். இன்றைக்குச் சித்தூரில் லாரி டயருக்கு ரப்பர் ஒட்டுகிற பட்டறை என்று யாரைக் கேட்டாலும் என் வாசலில் கொண்டுவந்து விடுவார்கள். கணக்குப்பிள்ளை வைக்காமல் தொழில் நடத்தினவன். எனக்குக் கீழே இரண்டு இன்ஜினியர்கள் வேலை பார்க்கிறார்கள்.

இதையெல்லாம் பேசத்தான் போனேன். பேசவில்லை.

காலில் இரும்புப் பட்டை கட்டிய பெண் பிள்ளைகளுக்கு ஓட்டப்பந்தயம் நடந்தது. முடிந்ததும் ஓடின எல்லாருக்கும் ஒரே மாதிரி கப்பு. ஒருவர் மனமும் நோகக்கூடாது என்று நடத்துகிறவர்கள் முடிவு செய்திருந்தார்கள். நான்தான் கொடுத்தேன். பதிமூன்று பதினாலு வயதுப் பெண் ஒருத்தி, வியர்வை இன்னும் காயவில்லை, கப்பை வாங்காமல் என் முகத்தைப் பார்த்து, "தாத்தா, நேனு என்னோ ப்ளேஸ்?" என்று கேட்டாள். நான் எத்தனையாவது என்று கேட்கிறாள். பக்கத்தில் நின்ற, போட்டி நடத்துகிற அம்மாள் சிரித்துக்கொண்டே, "எல்லாரும் ஃபர்ஸ்ட்தாம்மா!" என்றாள். பெண்ணின் முகம் விழுந்துவிட்டது.

நான் பார்த்துக்கொண்டுதானே இருந்தேன். "மூணாவதா வந்தே" என்றேன்.

"மூணாவதா!" பட்டை கட்டிய கால் தரையில் டங்கென்று அடிக்கத் திரும்பி, தன் அம்மாவைத் தேடிக்கொண்டு போனாள். "நேனு தர்ட், நேனு தர்ட்" என்று கத்திக்கொண்டே போனாள். அந்த அம்மாள் என் காதோரம் வந்து, "சார், அப்படிச் சொல்லக்கூடாது" என்றாள்.

அதற்குப் பிறகு மைக்கைக் கொடுத்தார்கள். வெயில் என்று சொல்லி உட்கார்ந்துவிட்டேன். எனக்குப் பதினோரு வயதான அந்த மார்கழியும் தையும் வந்து எதிரில் நின்றால் மனிதன் என்ன பேசுவான்?

நாங்கள் அப்போது நகரியில் இருந்தோம். தெரு முழுக்கத் தறிச் சத்தம். நைனா, அப்பாவை அப்படித்தான் கூப்பிடுவோம், அவரும் எங்களை அப்படித்தான் கூப்பிடுவார், குழித்தறியில் நெய்வார். தறிக்கு இரண்டு காலும் வேண்டும், மிதி மாற்றி மாற்றி அழுத்த வேண்டும். அதனால் எனக்குத் தறி இல்லை என்று முன்பே முடிவாகிவிட்டது. நூலைக் குச்சியில் தார் சுற்றுவேன், கிணற்றில் தண்ணீர் சேந்துவேன். நடக்கும்போது இடது கையை முட்டியில் ஊன்றி, குனிந்து, எழுந்து, குனிந்து, எழுந்து நடப்பேன். வீட்டுக்குள் அந்தப் பாடும் கிடையாது, இரண்டு கையையும் தரையில் ஊன்றி உடம்பைத் தூக்கிப் போட்டுக்கொண்டே போவேன். ஊர்ப் பையன்களுக்குக் காலில் இருந்த பலம் எனக்குக் கையில் இறங்கியிருந்தது. இப்போதும் கேளுங்கள், இந்த வயதிலும் என்னோடு கைகுலுக்கினவன் விரலை உதறிக்கொண்டுதான் போவான்.

மார்கழி பிறந்தால் அறுத்த வயலில் சடுகுடு. காலையில் நெல்லின் அடித்தாள் எல்லாம் பனியில் நனைந்து, மிதித்தால் சொரசொரவென்று ஈரமாக இருக்கும். வெயில் ஏறினால் ஊசி மாதிரி குத்தும். பக்கத்துத் தெருத் தெலுங்குக்காரர்கள் கரும்பு ஆட்டி வெல்லம் காய்ச்சுவார்கள், அந்தப் பாகு வாசனை வயல் முழுக்கக் கவிந்திருக்கும். எங்கள் தெருப் பையன்கள் ஒரு கட்சி, அவர்கள் தெருப் பையன்கள் ஒரு கட்சி. எங்களுக்குத் தலைவன் என் அண்ணன். என்னைவிட மூன்று வயது மூத்தவன்.

"தம்பியையும் இட்டுக்கினு போடா. வூட்ல குந்திக்கினு எத்தினி நேரம் தார் சுத்துவான்?" என்று அம்மா சொல்லுவாள்.

அண்ணன் முகத்தைச் சுளிப்பான். ஆனால் இட்டுக்கொண்டு போவான். வயலில் போய், எல்லாருக்கும் கேட்கிற மாதிரி, "இவன் ஒப்புக்குச் சப்பாணி" என்பான்.

நம் ஊர்களில் விளையாடினவர்களுக்கு அந்த வார்த்தை தெரியும். ஆட்டத்தில் இருப்பான், ஆனால் கணக்கில் இல்லை. அவனைத் தொட்டாலும் அவன் அவுட் இல்லை, அவன் பிடித்தாலும் பிடிபட்டவன் அவுட் இல்லை. சின்னக் குழந்தை அழுதால் சேர்த்துக்கொள்வார்கள் பாருங்கள், அதுதான். இன்னும் நடை பழகாத கொழுகொழுப் பிள்ளைக்கும் சொல்வார்கள், கால் நன்றாக இருக்கிற வாண்டுக்கும் சொல்வார்கள். யாரையும் குத்துவதற்காகச் சொல்கிற சொல் இல்லை. ஆனால் என்னைப் பார்த்துச் சொன்னபோது தையற்காரன் அளவெடுத்துத் தைத்த சட்டை மாதிரி வந்து ஒட்டிக்கொண்டது. தெலுங்குப் பையன்கள் அதையே 'ஆட்டலோ அரட்டிபண்டு' என்பார்கள். ஆட்டத்தில் வாழைப்பழம். எனக்கு அது தேவலை என்று தோன்றும். அதில் கால் இல்லையே.

எங்கள் கட்சி ஓரத்தில் என்னை உட்கார வைப்பார்கள். பாடி வருகிறவன் என்னைக் கல் மாதிரி தாண்டிக் குதித்துப் போவான். சிலசமயம் மிதித்துவிட்டு, "மிதிச்சிட்டேனா?" என்று கேட்டுவிட்டு மறுபடி பாடுவான். பாட்டை விட்டால் அவன் அவுட். ஆனால் என்னிடம் பேசினதற்கு அதுவும் கிடையாது.

நான் கேட்டதெல்லாம் ஒன்றுதான். என்னைத் தொட்டால் நான் அவுட்டாக வேண்டும். நான் பிடித்தால் அவன் அவுட்டாக வேண்டும். அம்மாவிடம் சொன்னேன். அம்மாவுக்குப் புரியவில்லை. "அவுட்டாவாம ஆட்றது நல்லதுதான, ராஜா மாதிரி" என்றாள்.

எதிர்க்கட்சித் தலைவன் வெல்லம் காய்ச்சுகிறவரின் மகன். நீளக் கால், கன்னத்தில் வெல்லப் பாகு தெறித்துச் சுட்ட வடு. அவன் பாடி வந்தால் எங்கள் பையன்கள் பின்வாங்கிப் பின்வாங்கி வரப்பில் முட்டிக்கொள்வார்கள். ஒருநாள் அவன் இரண்டு பேரைத் தொட்டுவிட்டுத் திரும்பும்போது வழக்கம்போல் என்னைத் தாண்டினான். எனக்கு என்ன வந்ததோ, காற்றில் போன அவன் கணுக்காலை இரண்டு கையாலும் பிடித்துவிட்டேன். தொப்பென்று விழுந்தான். இழுத்தான். நான் விடவில்லை. உடும்பு மாதிரி இருந்தேன் என்று பிறகு ஒருவன் சொன்னான். பாட்டு நின்றுபோனது.

"டேய் வுட்றா அவன! நீ கணக்குலயே கெடையாது!" என்று கத்தினது என் அண்ணன்தான்.

அந்தப் பையன் எழுந்தான். மண்ணைத் தட்டினான். என்னைப் பார்த்தான், தன் காலைப் பார்த்தான். "லேது. நேனு அவுட்" என்றான். இல்லை, நான் அவுட்தான் என்றான். நேராகக் கோட்டுக்கு வெளியே போய் உட்கார்ந்துகொண்டான்.

தகராறு வந்ததே, அது எங்கள் கட்சிக்குள் வந்தது. எதிரி அவுட் என்று ஒத்துக்கொள்கிறான், எங்கள் தலைவன் இல்லை என்கிறான். அண்ணன் கணக்கு அண்ணனுக்கு. என் பிடி கணக்கில் வந்தால் என்னைத் தொட்டாலும் கணக்கில் வரும். ஒவ்வொரு முறையும் என்னைத் தொட்டுவிட்டுப் போவார்கள், எங்கள் ஆள் குறையும்.

"இவன சேத்துக்கினா நாங்க ஆரம்பத்துலயே ஒரு ஆளு கம்மிடா!"

தெலுங்குப் பையன் தரையில் உட்கார்ந்தபடியே, அவனுடைய தமிழில், "நாளிக்கி அவன் எங்க பக்கம் வர்ட்டும். மாக்கு சாலு" என்றான்.

எங்களுக்கு அவன் போதும் என்கிறான். அண்ணனுக்கு ரோஷம் வந்துவிட்டது. "என் தம்பி ஏன்டா ஒங்க பக்கம் வரணும்? பொங்கல் ஆட்டத்துல கணக்கோட ஆடுவான், பாத்துக்கோ."

இப்படித்தான் நான் ஆளானேன். ரோஷத்தில்.

பொங்கல் வரைக்கும் எனக்குச் சோறு இறங்கவில்லை. அண்ணன் முதல்முறையாக என்னோடு ஆட்டம் பேசினான். கிணற்றடியில் குந்திக்கொண்டு, சாம்பலில் கோடு போட்டு, "நீ மூலையில குந்து. வர்றப்போ புடிக்காத, திரும்பிப் போறப்போ புடி. அவனுக்கு அப்போ கோட்டு மேல கண்ணு. நான் வர்ற வரைக்கும் வுடாத" என்றான்.

"வுடமாட்டேன்."

"மூஞ்சி மேல ஒதைச்சாலும்?"

"வுடமாட்டேன்டா."

"டாவா போட்ற?" என்று தலையில் தட்டினான். அந்தத் தட்டு மாதிரி ஒன்று பிறகு எனக்குக் கிடைக்கவில்லை.

பொங்கலுக்கு மறுநாள் ஆட்டம். மாட்டுக் கொம்புக்கெல்லாம் வர்ணம் அடித்திருந்தார்கள், பையன்கள் கையிலும் சிவப்பும் பச்சையும் ஒட்டியிருந்தன. அண்ணன் எல்லார் முன்னாலும், "இன்னைக்கி என் தம்பியும் ஆளு" என்றான். முதல் பாட்டிலேயே அவர்கள் ஆள் ஒருவன் வந்து என் தோளைத் தொட்டுவிட்டு ஓடிவிட்டான். நான் அவுட்.

முட்டியில் கை ஊன்றி எழுந்து, கோட்டைத் தாண்டி, வெளியே போய் உட்கார்ந்தேன். எனக்குப் பிறகு அவுட்டானவன் பக்கத்தில் வந்து உட்கார்ந்து, "இன்னாடா, அவுட்டாயிட்டு இளிச்சிக்கினு கீற?" என்றான். எனக்குச் சிரிப்பு அடங்கவில்லை. பட்டறைக்கு முதல் மிஷின் வந்து இறங்கின நாளிலும் நான் அப்படிச் சிரிக்கவில்லை.

எங்கள் பையன்கள் அவர்கள் ஆள் ஒருவனைப் பிடித்ததும் எனக்கு உயிர் வந்தது, மறுபடி உள்ளே போனேன். ஆட்டம் இழுத்துக்கொண்டே போய், கடைசியில் எங்கள் பக்கம் அண்ணனும் நானும், அவர்கள் பக்கம் வெல்லக்காரர் மகன் மட்டும். அவனைப் பிடித்தால் நாங்கள் ஜெயித்தோம்.

பாடிக்கொண்டு வந்தான். அண்ணன் மேலே பாய்ந்தான், அவன் விலகி அண்ணன் முதுகைத் தொட்டுவிட்டுத் திரும்பினான். கோட்டுக்குப் போகிற காலை நான் பிடித்தேன். விழுந்தான். விழுந்தும் விடாமல் கையால் மண்ணைப் பறித்து என்னையும் சேர்த்து இழுத்துக்கொண்டு போனான். தாள் என் வயிற்றைக் கிழித்தது. முட்டி தேய்ந்தது. வாயில் மண். அண்ணன், "வுடாத! வுடாத!" என்று கத்துவது கேட்டது. நான் கேட்டுக்கொண்டிருந்தது பாட்டை. கபடி கபடி என்று வந்தது கபடி... கபடி... என்று ஆகி, டி... டி... என்று ஆகி, பிறகு ஒன்றும் இல்லை. மூச்சு வாங்குகிற சத்தம் மட்டும். கோட்டுக்கும் அவன் விரலுக்கும் நடுவில் ஒரு சாண் இருந்தது. அவன் தலையைத் திருப்பி என்னைப் பார்த்தான். வாயைத் திறந்தான்.

அவன் என்ன சொல்ல வந்தான் என்று எனக்குத் தெரியும். முன்பு ஒருமுறை சொன்னவன்தானே.

அதற்குள் என்மேல் நிழல் விழுந்தது. நைனா. சந்தையிலிருந்து வரப்பு வழியாக வந்துகொண்டிருந்தவர். நான் ஆடுவது அவருக்குத் தெரியாது. அவர் கண்ணுக்குத் தெரிந்தது, காலில்லாத பிள்ளையை ஒரு தடிப்பயல் முள்ளில் இழுத்துக்கொண்டு போவது, பிள்ளையின் வயிற்றில் ரத்தம், சுற்றி நின்று எல்லாரும் கூச்சல் போடுவது.

"நொண்டிப் புள்ளதானாடா கெடைச்சான் ஒங்களுக்கு?"

வீட்டில் அந்த வார்த்தையை அவர் சொல்லி நான் கேட்டதே இல்லை. நான் பயத்தில் அந்தக் காலைக் கட்டிக்கொண்டிருப்பதாக நினைத்தார். "வுடு நைனா, வுடு, நான் வந்துட்டேன்" என்று சொல்லிச் சொல்லி என் விரலை ஒவ்வொன்றாகப் பிரித்தார். என்னைத் தூக்கி இடுப்பில் வைத்தார். பதினோரு வயதுப் பிள்ளையை, எல்லார் முன்னாலும். பிறகு குனிந்து அந்தப் பையன் திறந்த வாய்மேலேயே ஓர் அறை விட்டார்.

"நைனா, அவன் அவுட்டு நைனா! இவன் புடிச்சிட்டான்!" என்று அண்ணன் ஓடி வந்தான். அவனுக்கும் ஓர் அறை.

நான் அழுதேன். வயல் முடிகிற வரைக்கும், தெரு முடிகிற வரைக்கும் அழுதேன். நைனா என் முதுகைத் தடவிக்கொண்டே, "வலிக்குதா, வலிக்குதா, தோ வூடு வந்துச்சி" என்றார்.

இதோடு போயிருந்தால் பத்து நாளில் மறந்து மறுபடி வயலுக்குப் போயிருப்போம். அம்மா விடவில்லை. எங்களைப் பஸ் ஏற்றிச் சித்தூர் வழியாகக் காணிப்பாக்கம் கூட்டிக்கொண்டு போனாள். பிள்ளையார் முன்னால் பொய்ச் சத்தியம் செய்தவன் உருப்பட மாட்டான் என்று நம் பக்கத்தில் திருடன்கூடப் பயப்படுவான். எல்லைத் தகராறும் பங்காளிச் சண்டையும் அங்கே போய்த்தான் தீரும். அம்மா என் அண்ணனைக் குளத்தில் முக்கி, ஈரத் துணியோடு சாமி முன்னால் நிறுத்தி, "இனிமே தம்பிய ஆட்டத்துல சேக்கமாட்டேன்னு சொல்லு" என்றாள். குளிரில் பல் அடிக்க அவன் சொன்னான். நான் பக்கத்திலேயே நின்றேன். என்னை யாரும் ஒன்றும் கேட்கவில்லை. அம்மா எனக்கு நிறைய நெய் விட்ட பிரசாதப் பொங்கலாகப் பார்த்து வாங்கிக் கொடுத்தாள்.

அண்ணன் அந்தச் சத்தியத்தைக் காப்பாற்றினான். எப்படிக் காப்பாற்றினான் என்று கேளுங்கள். பெரியவனாகி, கல்யாணமாகி, மீசை நரைத்த பிறகும் காப்பாற்றினான். என் பிள்ளைகளுக்கு நான் கேரம் போர்டு வாங்கிப் போட்டேன். நாலாவது ஆள் வேண்டும் என்று பிள்ளைகள் அவனை இழுத்தன. "நீங்க ஆடுங்க, நான் பாக்கறேன்" என்று நின்றுகொண்டே இருந்தான். "குந்துடா, இது காயி ஆட்டம்தான" என்றேன். "ஆட்டம்னுதான சொன்னேன், இன்னா ஆட்டம்னு சொல்லலயே" என்றான். சீட்டுக்கும் அப்படியே. போய்ச் சேர்ந்தும் விட்டான். அவனும் நானும் ஒரு பக்கமாக ஆடினது அந்த ஒரே நாள்.

காணிப்பாக்கம் போய் வந்த பிறகு நான் அந்த வெல்லக்காரர் மகனைத் தேடிக்கொண்டு போனேன். வயிற்றில் காயம் ஆறாமல் சட்டை ஒட்டிக்கொண்டிருந்தது. கொப்பரை பக்கத்தில் கரும்புச் சக்கையை அடுப்பில் தள்ளிக்கொண்டிருந்தான். உதடு இன்னும் வீங்கியிருந்தது.

"அன்னைக்கி நீ அவுட்தான?" என்று கேட்டேன். வேறொன்றும் வேண்டாம் எனக்கு. யார் முன்னாலும் சொல்ல வேண்டாம், என்னிடம் மட்டும் சொன்னால் போதும்.

அவன் திரும்பாமலே, "போரா. மீ நாய்ன மள்ளீ கொடதாடு" என்றான். போடா, உன் அப்பா மறுபடி அடிப்பார் என்கிறான்.

"அடிக்கமாட்டாரு. சொல்லு."

சக்கையைத் தள்ளினான். நெருப்பு எழும்பியது. பாகு பொங்கி அடங்குகிற வரைக்கும் நின்று பார்த்துவிட்டு வந்துவிட்டேன். அவன் மீது எனக்குக் கோபம் இல்லை. யோக்கியமாக நடந்த பையன் வாங்கினது அறை. ஊர் விட்டு ஊர் போய், டயர்க் கடையில் கஞ்சிக்கு வேலை செய்து, நான் இன்றைக்கு இருக்கிற இருப்பை நானே கட்டினேன். கலெக்டர் கையால் சால்வை வாங்கினேன். எல்லாரும் சார் என்கிறார்கள். நான் ஜெயித்தேன் என்று ஊரே சொல்லியிருக்கிறது. சொல்ல வேண்டியவன் ஒருவன் சொல்லவில்லை.

நைனாவுக்கு அந்த நாள் வேறு மாதிரி இருந்தது. வாழ்நாளில் அவர் செய்த வீரம் அது ஒன்றுதான். தலைகுனிந்து தறியில் உட்கார்ந்திருந்த மனிதன். யார் வீட்டுக்கு வந்தாலும் என்னைக் காட்டிச் சொல்வார். "நான் மட்டும் அன்னைக்கி அந்தப் பக்கமா வரலன்னா இவன் இன்னொரு காலும் போயிருக்கும்." சொல்லச் சொல்ல அந்தப் பையன் வளர்ந்தான். முதலில் பையன், பிறகு மீசை வைத்த தடியன், கடைசியில் நாலு பேர். பெண் பார்க்கப் போன இடத்தில் சொன்னார், என் பட்டறை திறப்பு விழாவில் சொன்னார். நான் பக்கத்தில் நின்று தலையாட்டினேன். ஒருமுறையும் குறுக்கே பேசவில்லை.

கடைசியில் அவர் திருப்பதி ஆஸ்பத்திரியில் படுத்திருந்தார். நல்ல அறையாகப் பார்த்துத்தான் சேர்த்திருந்தேன். குப்பம் ஊர்ப் பெண் ஒருத்தி நர்ஸ், தமிழ் தெரியும். அவளுக்கும் ஒருநாள் கதையைச் சொன்னார், மூச்சு வாங்க வாங்க, நாலு தடியன்களோடு. சொல்லி முடித்து, இத்தனை வருஷத்தில் கேட்காத ஒன்றை என் பக்கம் திரும்பிக் கேட்டார்.

"அன்னைக்கி அப்பிடி அழுதியே நைனா. ரொம்ப வலிச்சிதா?"

அவர் கை என் கைமேல் இருந்தது. தறிக்காரன் கை, விரல் எல்லாம் வளைந்து போயிருந்தது.

"ஆமா நைனா. ரொம்ப வலிச்சிது. நீ வந்து தூக்கின, அப்பறம் வலிக்கல" என்றேன்.

"பாத்தியாம்மா?" என்றார் நர்ஸிடம்.

அந்தப் பெண் ஊசியைத் துடைத்துக்கொண்டே என்னைப் பார்த்துச் சிரித்தாள். "தாத்தாவுக்கு ஒங்கமேல எவ்ளோ பிரியம் சார்" என்றாள்.

ஆமாம் அம்மா என்றேன். பிரியம்தான். அதில் எனக்கு ஒருநாளும் சந்தேகம் இருந்ததில்லை.